ஆழத்தில் இறங்குவோரும் உடற்றகுதியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறு என்று பெயர் பெற்றதும் மாரிகாலத்து நீரோட்டமே. பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையினூடே ஊறிக் கீழே தங்குகிறது. அந்த நீரைக் கிணற்றிலிருந்து இறைத்தே இந்நிலத்துக் கமக்காரர் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்து வந்திருக்கின்றனர். அலவாங்கினால் பாறையை உடைத்தும், அது நெகிழாவிடத்து வெடி வைத்துப் பிளந்தும் தோண்டிய கிணறுகளே குடாநாட்டின் செல்வம்.

அக்கிணறுகளுக்குள் ஒருவகை ஆபத்தும் உண்டு. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றின் அடியில் காபனீரொட்சைட்டு என்னும் கரியமில வாயு தேங்கி நிற்கலாம். அது காற்றிலும் பாரமானது. வெடி வைத்த கிணற்றில் வெடிப்புகை தங்கலாம். துலா மிதித்து நீரிறைத்த காலம் போய் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தபின், நீர் கீழிறங்கிய கோடையில் அவ்வியந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டினால், அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு வெளியேற வழியின்றி உள்ளேயே நிறையலாம். இறங்கியவர் மயங்கி விழுகிறார். மேலே நின்ற தம்பி அதைக் காண்கிறார். கணமும் தாமதியாது தாமும் இறங்குகிறார். மூன்றாமவர் ஓடி வருகிறார். ஒருவரைப் பறிகொடுக்கவிருந்த குடும்பம் இருவரையோ மூவரையோ இழக்கிறது.

இது ஓர் ஊருக்கு மட்டும் உரிய துயரம் அன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்று, கிணறு, தொட்டி, குழி போன்ற அடைபட்ட இடங்களில் மாண்டோரில் பத்தில் ஆறு பேருக்கு மேற்பட்டோர் பிறரைக் காப்பாற்ற இறங்கியவர்களே என்று கூறியது. அதே நிறுவனம் 1994இல் தான் நேரே விசாரித்த நிகழ்ச்சிகளைத் தொகுத்தபோது அவ்விகிதம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக இருந்தது. எவ்வெண்ணைக் கொண்டாலும் உண்மை ஒன்றே: மீட்கச் செல்பவரே இரண்டாவது பலியாகிறார். இதைத் தடுக்கும் வழியை உலகம் முதலில் கற்றது நிலக்கரிச் சுரங்கங்களிலேயாம். 'மீட்புக்கு இறங்கத் தக்கவர் யார்?' என்ற கேள்விக்கு அங்கே வைத்தியர்கள் விடை தேடிய வரலாறு குடாநாட்டு மக்களும் அறியத்தக்கது.

குடாநாட்டில் நிலத்தடிச் சுரங்கம் இல்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த இடமும் வானம் தெரியும் திறந்த அகழ்வே. எனினும், ஆழத்தில் மூச்சை நம்பிப் பிழைத்த ஒரு தொழில் வட இலங்கைக் கடலில் நெடுங்காலம் நடைபெற்றது. அதுவே முத்துக்குளிப்பு. சுரங்கக் கதைக்கு முன் அதனை நோக்குதல் பொருந்தும்.

மன்னார்க் குடாவின் முத்துப் பார்களில் குளித்தோருள் தமிழரும் முஸ்லிம்களும் அராபியரும் இருந்தனர். ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழமான நீரில், காலிற் கல்லைக் கோத்துக்கொண்டு அவர்கள் இறங்கினர். பத்துப் பாக ஆழத்தில் உடலின்மேல் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ மும்மடங்காகிறது. அங்கே நெஞ்சறையிலுள்ள காற்று மூன்றிலொரு பங்காகச் சுருங்கும். 1803ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட றொபேட் பேர்சிவல் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, மேலே வந்த சிலருக்கு வாயிலும் மூக்கிலும் காதிலும் குருதி கசிந்ததைக் குறித்துள்ளார். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரகாரர் கரையில் இருந்தாலன்றிக் குளிப்போர் கடலில் இறங்கார் என்றும் அவர் எழுதினார்.

பழைய எழுத்தாளர் சிலர் குளிப்போர் பல நிமிடம் நீருக்குள் இருந்ததாகக் கூறினர். பின்னர்க் கடிகாரம் கொண்டு அளந்தபோது பெரும்பாலானோர் தங்கியது ஒன்றரை நிமிடத்துக்கு உட்பட்டே என்பது தெளிவாயிற்று. 1869 முதல் 1896 வரை வடமாகாண அரசாங்க அதிபராக யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்சி செய்த வில்லியம் துவைனம் முத்துக்குளிப்பு நடவடிக்கைகளில் நீண்ட பழக்கமுடையவர். அதுபற்றி அறிக்கையும் எழுதியவர். அத்தகைய அதிகாரிகள் படகுகளையும் சிப்பிகளையும் எண்ணினர். முகாமில் நோய் பரவாது காத்தனர். ஆயினும் ஒருவன் குளிக்கத் தக்கவனா என்பதைத் தீர்மானித்தது கடலே. வலிமையுள்ளவன் ஆண்டுதோறும் வந்தான். வலிமையற்றவன் வராது நின்றான், அல்லது திரும்பாது போனான். அனுபவம் தந்த இத்தேர்வு உண்மையானதுதான். ஆனால், அதற்குக் கொடுத்த விலை மனித உயிர்.

இதே காலத்தில் குடாநாட்டில் வேறொரு பணியும் நடந்தது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இளைஞர்களுக்கு மேல்நாட்டு வைத்தியத்தைக் கற்பித்ததோடு, மனித உடலின் அமைப்பையும் தொழிலையும் விளக்கும் நூல்களைத் தமிழில் ஆக்கினார். நுரையீரல் எவ்வாறு தொழிற்படுகிறது, குருதி எவ்வாறு ஓடுகிறது என்பவற்றைத் தமிழிலேயே படிக்கும் வாய்ப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்தது. கடலின் தேர்வுக்குப் பதிலாக வைத்தியரின் தேர்வு வருவதற்கு வேண்டிய அடிப்படை அவ்வறிவே. அதனைச் சுரங்கத்துக்குக் கொண்டு சென்றவர்களுள் முதல்வர் ஜோன் ஸ்கொட் ஹால்டேன் என்னும் உடற்றொழிலியல் அறிஞர்.

1896ஆம் ஆண்டு சனவரியில் வேல்சு நாட்டின் டைலர்ஸ்டவுண் என்னும் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து நிகழ்ந்து ஐம்பத்தேழு பேர் மாண்டனர். ஹால்டேன் அங்கே சென்று பிணங்களை ஆராய்ந்தார். வெடியின் அதிர்ச்சியாலும் தீயாலும் இறந்தோர் சிலரே. பெரும்பாலோர் வெடிக்குப்பின் பரவிய காபனோரொட்சைட்டினால் மாண்டனர் என்று அவ்வாண்டிலேயே அறிக்கை தந்தார். இவ்வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. குருதியிலுள்ள செந்நிறப் பொருளுடன் இது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் சேர்ந்துகொள்கிறது. அதனால் நல்ல காற்றை மூச்சிழுத்தாலும் உடலுக்கு ஒட்சிசன் போய்ச் சேர்வதில்லை.

இங்கே குடாநாட்டார் மறவாது மனத்திற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். ஒட்சிசன் மிகக் குறைந்த இடத்தில் சுடர் அணையும். அவ்வளவில் அது பயனுள்ள சோதனைதான். ஆனால் மனிதனைக் கொல்லப் போதிய காபனோரொட்சைட்டு உள்ள காற்றிலும் சுடர் அமைதியாக எரியும். ஆகவே, விளக்கு எரிகிறது என்று நம்பி இறங்குதல் கூடாது. இக்காரணத்தாலேயே, மனிதனுக்கு முன் மயங்கி எச்சரிக்கும் சிற்றுயிர்களைக் கொண்டுசெல்ல ஹால்டேன் பரிந்துரைத்தார். பிரித்தானியச் சுரங்கங்களில் கனேரிக் குருவிகள் இப்பணியை 1986ஆம் ஆண்டுவரை செய்தன. பின்னர் அவற்றின் இடத்தைக் கருவிகள் பெற்றன.

வாயுவை அறிந்தபின், அதற்குள் புகுந்து மீள்வது எப்படி என்ற கேள்வி எழுந்தது. அதற்குரிய விடை நீரிலிருந்து வந்தது. ஹென்றி ஃபுளூஸ் என்னும் ஆங்கிலேயர் 1879ஆம் ஆண்டளவில், ஒட்சிசன் நிறைத்த பாத்திரமும், வெளிவிடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சும் பொருளும் கொண்ட மூச்சுக்கருவியொன்றை அமைத்தார். 1880இல் இங்கிலாந்தின் செவேண் ஆற்றின்கீழ் வெட்டிய புகைவண்டிக் குகை நீரால் நிரம்பியபோது, அலெக்சாந்தர் லாம்பேட் என்னும் நீர்மூழ்கி இக்கருவியை அணிந்து, ஆயிரம் அடி தூரத்துக்குமேல் இருளில் தடவிச் சென்று கதவை அடைத்தார். அவ்வாறு நீர்மூழ்கிக்குப் பயன்பட்ட கருவியே திருத்தம் பெற்று, 'புறோட்டோ' என்னும் பெயரில் சுரங்க மீட்பருக்கு உரியதாயிற்று. அதை அணிந்தவர் வாயில் ஒரு குழாயைக் கவ்வி, மூக்கைக் கவ்வியால் அடைத்துக்கொண்டே நடக்க வேண்டும். மன்னார்க் கடலில் அராபியக் குளிப்போரும் மூக்கில் கவ்வி இட்டே இறங்கினர். தமிழர் பெரும்பாலும் கையாற் பொத்தினர். கடலில் மூழ்குபவரும் சுரங்கத்தில் மீட்பவரும் ஒரே ஆபத்தை எதிர்நோக்கினர் என்பது இதனால் விளங்கும்.

1906ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர் மாண்டனர். செருமனியிலிருந்து மீட்பர் மூச்சுக்கருவிகளுடன் அங்கே விரைந்து சென்றனர். இத்தகைய பேரழிவுகளின்பின் பிரித்தானியாவில் 1910ஆம் ஆண்டுச் சட்டம் சுரங்க மீட்பு ஏற்பாடுகளுக்கு வழிவகுத்தது. மீட்பு நிலையங்கள் பெருகின. ஆயினும் கருவி வந்ததோடு ஆபத்து நீங்கவில்லை. 1913 ஒக்டோபரில் வேல்சின் செங்கெனித் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர் மாண்டபோது, மீட்கச் சென்ற ஒருவரும் உயிர்நீத்தார். அண்மைக் காலத்திலும், 2021 நவம்பரில் உருசியாவின் சைபீரியப் பகுதியில் லிஸ்த்வியாஸ்னயா சுரங்க விபத்தில் இறந்த 51 பேருள் ஐவர் மீட்பரே.

முப்பது இறாத்தல் அளவுக்கு மேற்பட்ட கருவியைச் சுமந்து, குனிந்தும் தவழ்ந்தும், வெப்பமும் இருளும் நிறைந்த வழியில், மயங்கிக் கிடப்பவரைத் தூக்கிவருவது சாதாரண உழைப்பன்று. கருவி குறித்த அளவு ஒட்சிசனையே தரும். அதனை அணிந்தவரின் உடலோ உழைப்புக்கேற்பக் கூடுதலாகக் கேட்கும். முதலாம் உலகப்போரின் இறுதியில் பிரித்தானியாவில் சுரங்க மீட்புக்கருவி ஆராய்ச்சிக் குழுவொன்று அமைந்தது. ஹால்டேன் அதில் ஓர் உறுப்பினர். எடின்பரோவைச் சேர்ந்த சுரங்கவியற் பேராசிரியர் ஹென்றி பிறிக்ஸ் அக்குழுவுக்காக மனிதரை மிதிபொறியில் உழைக்கச் செய்து, அவர் மூச்சை அளந்தார். பயிற்சியுள்ள உடல், அதே வேலையைக் குறைந்த மூச்சில் செய்து முடிக்கிறது. பயிற்சியற்ற உடல் விரைவில் திணறுகிறது. 1920இல் வெளியான அவர் ஆய்வு, உடற்றகுதி என்பது தோற்றத்தால் மதிப்பிடும் ஒன்றன்று, அளந்தறியத்தக்கது என்பதை உணர்த்திற்று. பருமனான தோளைக் கண்டு ஆளைத் தெரிவு செய்யும் வழக்கம் இவ்வாறு ஆட்டம் கண்டது.

அடுத்து வெப்பம். உடல் தன் சூட்டை வியர்வையால் ஆற்றுகிறது. காற்று ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராது, உடற்சூடு ஏறும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 88 பாகை பரனைற்றைத் தாண்டினால், அசையாத காற்றில் சும்மா இருப்பவருக்கும் உடற்சூடு உயரும் என்று 1905இல் ஹால்டேன் காட்டினார். இந்த அளவின் பொருளைத் தம் உடலால் அறிந்தவர்கள் கோலார் தங்கவயலின் தமிழ்த் தொழிலாளர். வட ஆர்க்காட்டிலிருந்தும் அயற் பகுதிகளிலிருந்தும் சென்ற அவர்கள், 1880ஆம் ஆண்டு முதல் ஆங்கிலக் கம்பனியின்கீழ் அங்கே உழைத்தனர். சாம்பியன் றீப் சுரங்கம் பதினாயிரம் அடிக்கும் கீழே சென்றது. அவ்வாழத்தில் பாறையின் சூடே 60 பாகை செல்சியசைக் கடந்தது. பாறை திடீரெனச் சிதறி வெடிக்கும் இயல்பும் அங்கே உண்டு. அவ்வேளைகளில் சகதொழிலாளரே சகதொழிலாளரை மீட்க வேண்டியிருந்தது.

கோலாரின் மற்றோர் எதிரி கற்றூசி. சிலிக்கா கலந்த அத்தூசி நுரையீரலில் தழும்பை உண்டாக்கி மூச்சின் அளவைக் குறைக்கிறது. அந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். அங்கே பணியாற்றிய வைத்தியர் அந்தோனி கப்லான் இந்நோயை ஆராய்ந்தார். பின்னர் வேல்சின் சுரங்கத் தொழிலாளரிடையே அவர் கண்டறிந்த நோய்நிலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இதிலிருந்து ஒரு கசப்பான உண்மை புலப்படும். சுரங்கத்தின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்தவர் மூத்த தொழிலாளரே. அவசர வேளையில் வழிகாட்டத் தக்கவரும் அவரே. ஆனால் அவ்வறிவைத் தந்த ஆண்டுகளே அவர் நுரையீரலையும் தேய்த்திருக்கும். வழி அறிந்தவர் வேறு, இறங்கத் தக்கவர் வேறு என்று பிரித்துணர வேண்டிய நிலை இவ்வாறு உண்டாயிற்று. தங்கவயற் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. அவை கற்பித்த பாடம் எஞ்சியிருக்கிறது.

இந்தியாவில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கான மீட்பு விதிகள் 1939இல் தோன்றின. 1985ஆம் ஆண்டின் விதிகள் மீட்புப் பயிற்சி பெறுவோருக்கு வைத்திய சோதனையைக் கட்டாயமாக்கின. நாட்டுக்கு நாடு எண்களும் எல்லைகளும் வேறுபடினும் சோதனையின் நோக்கம் ஒன்றே. வைத்தியர் இருதயத்தையும் குருதியமுக்கத்தையும் பார்க்கிறார். ஏனெனில் ஆழத்தில் வரும் மாரடைப்பு ஒருவரை மட்டுமன்றி அவர் குழுவையும் அழிக்கும். நுரையீரலின் கொள்ளளவை அளக்கிறார். படியில் ஏறி இறங்கச் செய்து, நாடித்துடிப்பு எவ்வளவு விரைவில் இயல்புக்குத் திரும்புகிறது என்று கணக்கிடுகிறார். பார்வையும் கேள்வியும் போதுமானவையா, வலிப்பு நோய் உண்டா, நீரிழிவு உண்டா, அடைபட்ட இடத்தில் அச்சம் தோன்றுமா என்பவற்றை ஆராய்கிறார். வாயிற் குழாயைக் கவ்விய காலத்தில் பற்களின் உறுதியையும் பார்க்க வேண்டியிருந்தது. முகமூடி வந்தபின், தாடி வளர்த்தவர் முகத்தில் அது இறுகப் பொருந்தாது என்பது கவனத்துக்கு வந்தது. செவிப்பறை கிழிந்தவரை அவ்வழியே நச்சுக்காற்று புகுமென்று அஞ்சிப் பழைய விதிகள் விலக்கின. பின்னைய ஆய்வுகள் அவ்வாறு புகும் காற்று மிகச் சிறிது எனக் கண்டமையால் அக்கண்டிப்புத் தளர்ந்தது. ஆகவே இவ்விதிகள் கல்லில் எழுதியவை அல்ல. சோதித்தும் திருத்தியும் வளர்ந்தவை. ஒருமுறை தேறியவர் என்றும் தக்கவர் என்று கொள்ளாது, குறித்த கால இடைவெளியில் மீண்டும் மீண்டும் சோதிப்பதும் அதனாலேயே.

மீட்புக் குழுவின் ஒழுங்குகளுள் மிகக் கடுமையானது ஒன்று உண்டு. குழுவில் ஒருவருக்கு உடல் தளர்ந்தால், அல்லது ஒருவர் கருவி பழுதுற்றால், அனைவரும் திரும்ப வேண்டும். அடுத்த வளைவில் உயிரோடு ஒருவர் காத்திருக்கக்கூடும் என்று எண்ணினும் திரும்பத்தான் வேண்டும். தகுதியற்ற ஒருவரைத் தாட்சணியத்தால் குழுவிற் சேர்ப்பது எவ்வளவு பெரிய தீமை என்பது இங்கே புலனாகும். 'நீர் இறங்கத் தக்கவரல்லர்' என்று வைத்தியர் சொல்லும் சொல் அவமதிப்பன்று. அது அவரையும், அவருடன் செல்வோரையும், அவர்களை எதிர்பார்த்து அடியிற் கிடப்பவரையும் ஒருங்கே காக்கும் சொல்.

இவ்வாறாயின் வீரத்துக்கு இடம் எங்கே என்று கேட்கலாம். 1989 நவம்பரில் வங்காளத்தின் இராணிகஞ்ச் பகுதியிலுள்ள மகாபீர் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. உள்ளே அகப்பட்டோரில் 65 பேர், மேலிருந்து துளைத்த துவாரத்தின் வழியே, ஓர் ஆள் நிற்குமளவான உருக்குக் கூட்டில் ஒருவர்பின் ஒருவராக ஏற்றப்பட்டனர். அக்கூட்டில் முதலில் கீழே இறங்கியவர் ஜஸ்வந்த் சிங் கில் என்னும் பொறியியலாளர். தொழிலாளர் அனைவரும் மேலேறும்வரை அவர் கீழேயே நின்றார். அவர் வீரத்தில் ஐயமில்லை. ஆயினும் அவர் கண்ணை மூடிக்கொண்டு குதித்தவர் அல்லர். துவாரத்தின் அகலமும் கூட்டின் அளவும் கயிற்றின் வலுவும் கணித்தபின்னரே இறங்கினார். அளவறிந்து செயற்பட்டமையால் அவ்வீரம் அறுபத்தைந்து குடும்பங்களுக்குப் பயன்பட்டது.

குடாநாட்டின் கிணற்றங்கரையில் வைத்தியர் நிற்பதில்லை. படிச்சோதனை செய்ய நேரமும் இல்லை. எனினும் சுரங்கம் கற்பித்தவற்றை அங்கேயும் கைக்கொள்ளலாம். இயந்திரத்தைக் கிணற்றினுள் வைத்து ஓட்டாதிருத்தல் முதற்கடமை. ஒருவர் இறங்க நேர்ந்தால், இடுப்பிலும் நெஞ்சிலும் கயிறு கட்டி, அவரைத் தூக்க வல்ல இருவரையேனும் மேலே நிறுத்திய பின்னரே இறங்குதல் வேண்டும். அக்கயிறு இருந்தால் மயங்கியவரை இன்னொருவர் இறங்காமலே மேலே இழுக்கலாம். கயிறின்றி ஒருவர் விழுந்துவிட்டாற் கூக்குரலிட்டு ஆட்களைச் சேர்த்தல், தீயணைப்புப் படையை அழைத்தல், இயன்ற வழியில் நல்ல காற்றைக் கீழே செலுத்துதல் ஆகியவையே செய்யத்தக்கன. மூச்சுக்கருவியும் பயிற்சியும் இல்லாதவர், விழுந்தவர் தம் மகனே ஆயினும், நச்சுக்காற்றுள் இறங்கத் தக்கவர் அல்லர்.

இது கேட்பதற்குக் கொடிதாகத் தோன்றலாம். அண்ணன் விழுந்து கிடக்கத் தம்பி மேலே நிற்பதா என்று நெஞ்சம் பதறும். ஆனால் அந்நெஞ்சின் பதற்றமே உலகெங்கும் இரண்டாவது உயிரைப் பறித்து வந்திருக்கிறது. கயிற்றை முன்கூட்டியே கட்டிவைத்த தம்பியே அண்ணனுக்கு உண்மையில் உதவியவன். முத்துக்குளிக்கச் சென்றவனும் மேலே கயிற்றைப் பிடிக்க ஒருவன் விழித்திருந்தால் அல்லாது கல்லிற் கால் வைத்ததில்லை. முன்னோர் கடலிற் கைக்கொண்ட அந்த ஒழுங்கினைக் கிணற்றடிக்கும் உரியதாக்கினால், இந்நிலத்தில் இரண்டாவது சாவு நிகழாது தடுக்கலாம்.